கிரேன் பெட்டியில் கை தட்டுகிற பெண்

அச்சகத் தெருவில் காகிதக் கட்டு ஏற்றுகிறவர் முதல் அச்சக முதலாளி வரை எல்லாருக்கும் அவர் பெட்டிப்படக்காரர்தான். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்றும் இருந்தது. அது டாக்டர் சீட்டில் மட்டும் வரும். நாற்பது வருடம் அவர் செய்த வேலை ஒன்றே ஒன்று. பொம்மைக் கம்பெனிகளின் அட்டைப்பெட்டி மேல் அச்சாகிற படங்களை எடுப்பது. உங்கள் வீட்டுப் பரணில் பழைய பொம்மைப் பெட்டி ஏதாவது கிடந்தால் இறக்கிப் பாருங்கள். அதில் ஒரு பையன் வாயைப் பிளந்துகொண்டு காரை உயர்த்திப் பிடித்திருப்பான். இல்லையென்றால் ஒரு பெண் குழந்தை தலையைச் சாய்த்துப் பொம்மைக்குப் பால் புகட்டிக்கொண்டிருப்பாள். அநேகமாக அது இவர் கைவரிசையாகத்தான் இருக்கும்.

அந்தத் தலைச்சாய்ப்பும் வாய்ப்பிளப்பும் தானாக வந்தவை அல்ல. "பொண்ணுன்னா தலையைச் சாய், பையன்னா வாயைத் திற." ஸ்டூடியோவுக்குள் நுழைகிற குழந்தை செருப்பைக் கழற்றுவதற்குள் இதைச் சொல்லிவிடுவார். பின்னால் தொங்கவிட இரண்டு காகிதச் சுருள்கள் வைத்திருந்தார், ஒன்று ரோஜா நிறம், ஒன்று நீலம். அடுப்புச் சாமான், சீப்பு கண்ணாடி, தொட்டில் எல்லாம் ரோஜா. ரயில், ராக்கெட், ஸ்பேனர் எல்லாம் நீலம். மைக்ரோஸ்கோப் பெட்டி என்றால் பையன் குனிந்து பார்ப்பான், பெண் பக்கத்தில் நின்று ஆச்சரியப்படுவாள். ஒரு பெண் குழந்தை தானே குனிந்து பார்க்கிற பெட்டி ஒன்றுகூட அவர் எடுத்ததில்லை. எடுக்கக் கூடாதென்று யாரும் அவரை மிரட்டவில்லை. இவர் ஏன் என்று கேட்கவும் இல்லை. அவ்வளவுதான் விஷயம், பெரிய சதியெல்லாம் ஒன்றும் கிடையாது.

மனுஷர் கெட்டவரா? ஐயோ, ஈ எறும்புக்குக் கூடக் கெடுதல் நினைக்காதவர். எப்பேர்ப்பட்ட அழுமூஞ்சியையும் சிரிக்க வைத்துவிடுவார். லென்ஸ் மூடியை மூக்கு நுனியில் ஒட்ட வைத்துக்கொண்டு ஊரே அதிர்கிற மாதிரி ஒரு தும்மல் போடுவார். மூடி பறந்து போய் எங்கேயாவது விழும். குழந்தை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும். அந்த நொடியில் படக்கென்று எடுத்துவிடுவார். பெட்டிகளில் நீங்கள் பார்த்த சிரிப்பெல்லாம் அந்தத் தும்மலுக்குச் சிரித்தது. பொம்மைக்குச் சிரித்ததென்று நம்பி நாம்தான் வாங்கிப் போனோம்.

இப்போது அவருக்கு எழுபத்துமூன்று. மனைவி போய் ஐந்து வருடம் ஆகிறது. ஸ்டூடியோவை மூடியாயிற்று. வாரத்தில் ஒரு நாள் பஸ் பிடித்து மகள் வீட்டுக்குப் போவார். மகளுக்கு நாற்பத்திரண்டு வயது. ஒரு கம்பெனியில் கடிதப் பிரிவில் வேலை. அவளுக்கு எட்டு வயதில் ஒரு பெண் இருந்தாள், வீட்டில் குட்டி என்றுதான் கூப்பிடுவார்கள்.

அன்று செவ்வாய்க்கிழமை. குட்டி பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு படிவம் கொண்டு வந்திருந்தாள். பள்ளி விட்ட பிறகு நடத்துகிற வகுப்புகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மெஷின் செய்கிற வகுப்பு ஒன்று, மணி கோத்து அலங்காரம் செய்கிற வகுப்பு ஒன்று. வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும்.

"எனக்கு மெஷின்," என்றாள் குட்டி.

மகள் சிரித்துக்கொண்டே பாத்திரம் துடைத்தாள். "வேணாம்டி தங்கம். நமக்கு அதெல்லாம் வராது. மாமாவுக்குத்தான் வரும். சின்ன வயசுலயே தனியா உக்காந்து கிரேன் செஞ்சவன் அவன். அவனையே பெரிய கம்பெனியில கூப்பிட்டு உக்கார வச்சாங்க, மூணே நாள்ல அழுதுக்கிட்டு வந்துட்டான். அவனுக்கே அப்படின்னா நீ என்ன ஆவே? நீ அழுதா அம்மாவால தாங்க முடியாது."

பெட்டிப்படக்காரர் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். புரையேறியது. மகள் ஓடி வந்து தலையில் தட்டினாள்.

"இல்லம்மா, அந்தக் கிரேனை உங்கண்ணன் செய்யல," என்றார் இருமலுக்கு நடுவே. "நீதான் செஞ்சே."

"யாரு, நானா?" மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். "அப்பா, மிக்ஸி மூடி சிக்கிக்கிட்டாலே பக்கத்து வீட்டுக்கு ஓடுறவ நான். பெட்டியிலயே இருக்கே, அண்ணன் செஞ்சான், நான் கை தட்டுறேன்."

பெட்டிப்படக்காரர் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவளை உற்றுப் பார்த்தார். மறந்துபோனதாக அவள் நடிக்கவில்லை. அவளுக்கு நிஜமாகவே ஞாபகம் இல்லை.

என்ன நடந்தது என்று சொல்கிறேன், கேளுங்கள். முப்பத்துநான்கு வருடம் முந்தைய கதை.

ஒரு பொம்மைக் கம்பெனி புதிதாகக் கிரேன் செட் கொண்டு வந்தது. ஓட்டை போட்ட இரும்புத் தகடுகள், மரையாணி, பல் சக்கரம், கயிறு, கொக்கி எல்லாம் பிரித்துப் போட்டிருக்கும். குறிப்புத்தாளைப் பார்த்துக் குழந்தை தானே பூட்ட வேண்டும். படம் எடுக்கிறவருக்கு ஒரு செட் அனுப்புவார்கள், பூட்டி வைப்பது அவர் பொறுப்பு. இவருக்குக் கேமராவைத் தவிர எதையும் பூட்டத் தெரியாது. படத்துக்கு வரவேண்டிய பையனுக்கோ அம்மை போட்டுவிட்டது. சரி, வீட்டிலேயே இரண்டு இருக்கிறதே என்று தம் பிள்ளைகளை நிற்க வைக்க முடிவு செய்தார். பெரியவனுக்குப் பத்து வயது, சின்னவளுக்கு எட்டு.

பெரியவன் அரை மணி நேரம் மல்லுக்கட்டினான். ஒரு ஆணி விரலைக் குத்தியதும் குறிப்புத்தாளைக் கிழித்துப் போட்டுவிட்டுப் பந்து விளையாடப் போய்விட்டான். அந்தக் கிழிசலை ஒட்டவைத்து, கூடத்துத் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு, இரண்டு சாயங்காலத்தில் சின்னவள் கிரேனை நிறுத்திவிட்டாள். நிறுத்தியதோடு விட்டாளா? குறிப்புத்தாளில் இருந்த கிரேனில் ஒரு கோளாறு இருந்தது. கைப்பிடியை விட்டால் தூக்கிய பாரம் தொப்பென்று விழுந்துவிடும். அது அவளுக்குப் பொறுக்கவில்லை. மிச்சமிருந்த பல் சக்கரம் ஒன்றை அச்சில் மாட்டி, ஒரு சின்னத் தகட்டை அதன் மேல் உரச வைத்தாள். தகட்டை இழுத்துப் பிடிக்க ஒன்றும் கிடைக்கவில்லை. ஒரு ஜடையில் இருந்த சிவப்பு ரப்பர் பேண்டைக் கழற்றி மாட்டிவிட்டாள்.

"அப்பா, இங்க பாருங்க," என்று கூப்பிட்டாள். உப்பு ஜாடியைக் கொக்கியில் மாட்டித் தூக்கினாள். கையை எடுத்தாள். ஜாடி அந்தரத்தில் நின்றது.

"அடி சக்கை!" என்றார் அவர். வேறென்ன சொன்னார் என்று எவ்வளவு யோசித்தும் பிற்பாடு அவருக்கு ஞாபகம் வரவில்லை. அது ஒன்றுதான் சொல்லியிருப்பார்.

மறுநாள் ஸ்டூடியோவில் கம்பெனியின் விளம்பர மேனேஜர் வந்து உட்கார்ந்தார். பழகினால் நல்ல மனுஷர், குழந்தைகளுக்கு மிட்டாய் கொண்டு வருவார். நீலக் காகிதத்தைத் தொங்கவிடச் சொன்னார். "பையன் முன்னாடி நிக்கட்டும், கிரேன் அவன் கையில. பாப்பா ஒரு அடி பின்னாடி நின்னு கை தட்டட்டும். கடைக்கு வர்றவங்களுக்கு இது பையன் சாமான்னு பத்தடி தூரத்துலயே தெரியணும், பாருங்க."

சின்னவள் அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "நான்தானே செஞ்சேன். நான் பிடிச்சுக்கிட்டு நிக்கவா?"

"அண்ணன் பிடிச்சுக்கட்டும் கண்ணு. நீ கை தட்டு. கை தட்டுறதும் பெரிய வேலைதான்."

"நான் கை தட்டுற அளவுக்கு அவன் என்ன செஞ்சான்?"

எட்டு வயசுக் கேள்வி. பதில் சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை. மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். பெரியவன் கிரேனைத் தூக்கிக்கொண்டு வாயைத் திறந்து தயாராக நின்றான், பாவம், அவனுக்கும் சொன்னதைச் செய்துதான் பழக்கம். சின்னவள் கை தட்டினாள், ஆனால் முகம் உம்மென்று இருந்தது. பத்துப் படம் வீணானது. இவர் லென்ஸ் மூடியை எடுத்தார். மூக்கில் வைத்தார். தும்மினார்.

அவள் சிரித்துவிட்டாள். அப்பா தும்மினால் சிரிக்காமல் இருக்க அவளால் முடியாது. தலை சாய்ந்தது, கண் சுருங்கியது, முன்பல் இல்லாத வாய் தெரிந்தது. படம் விழுந்துவிட்டது. நாற்பது வருடத்தில் அவர் எடுத்த மிக நல்ல சிரிப்பு அதுதான் என்று தெரு முழுக்கச் சொன்னார்கள். அவரும் மார் தட்டிக்கொண்டார். அதை நினைத்தால் இன்றைக்கு அவருக்கு அந்த மூக்கை அறுத்துப் போட்டுவிடலாமா என்று இருக்கிறது.

பெட்டியின் பக்கவாட்டில் எப்படிப் பூட்டுவது என்று காட்ட நாலு சின்னப் படங்கள் வேண்டும், வெறும் கைகள் மட்டும். பெரியவனின் கைக்கு ஆணி அடங்கவில்லை. அதனால் அவன் முழுக்கைச் சட்டையைக் கழற்றிச் சின்னவளுக்குப் போட்டுவிட்டு அவள் கைகளை எடுத்தார்கள். கை யாருடையது என்று பெட்டியை வாங்குகிறவனுக்கா தெரியப்போகிறது? படம் அச்சாகி வந்தபோது மனைவி விரல் வைத்துக் காட்டிச் சிரித்தாள். சின்னவளின் ஒரு ஜடையில்தான் சிவப்பு ரப்பர் பேண்ட் இருந்தது. இன்னொரு ஜடை பாதி அவிழ்ந்து தொங்கியது. அந்த இன்னொரு பேண்ட் கிரேனில், பளிச்சென்று சிவப்பாக, தகட்டைப் பிடித்துக்கொண்டிருந்தது. "உங்க பொண்ணு கையெழுத்துப் போட்டிருக்கா பாருங்க," என்றாள்.

பெட்டி கடைக்குப் போன மூன்றாவது மாதம் மேனேஜர் போன் செய்தார். குழந்தைகள் கடிதம் மேல் கடிதமாக எழுதுகிறார்களாம். பெட்டிப் படத்தில் உள்ள கிரேனில் குறிப்புத்தாளில் இல்லாத ஒரு சக்கரம் இருக்கிறதே, அதை எப்படி மாட்டுவது என்று. எங்கள் இன்ஜினியர் அசந்து போய்விட்டார், லீவு நாளில் ஒரு மாதம் வந்து எங்கள் டிசைன் அறையில் உட்காரட்டும், கேட்ட சாமானெல்லாம் தருகிறோம் என்றார். "உங்க பையனை அனுப்பி வைங்க சார்."

பையன் இல்லை, பொண்ணு. மூன்று வார்த்தை. அவருடைய வாயில் அதற்கு இடமில்லாமல் போயிற்று. "சரிங்க," என்று சொல்லிப் போனை வைத்தார்.

மனைவி அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். "பொண்ணுன்னு சொல்ல வாய் வரலையா உங்களுக்கு?"

"பெட்டி மேல அவன் மூஞ்சில்ல இருக்கு. இப்பப் போய் மாத்திச் சொன்னா ஏமாத்திட்டோம்னு நினைப்பாங்க. அவளுக்கென்ன, சின்னப் பொண்ணு. மறந்துடுவா."

மறந்துடுவா. அவர் சொன்னதிலேயே பலித்தது அது ஒன்றுதான்.

அன்று சாயங்காலம் சின்னவள் அண்ணனை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தாள். காகிதத்தில் படம் போட்டுக் காட்டினாள். "சக்கரம் இந்தப் பக்கம் சுத்தினா தகடு உரசிக்கிட்டுப் போகும். திரும்பி வரப் பார்த்துச்சுன்னா பல்லுல முட்டி நின்னுடும். இவ்வளவுதாண்டா." அவனுக்குப் புரியவில்லை. மூன்று முறை சொன்னாள். காகிதத்தை மடித்து அவன் பையில் வைத்துவிட்டாள்.

காலையில் இவர் பெரியவனைக் கூட்டிக்கொண்டு கிளம்புகிறார், சின்னவள் வெளியூருக்குப் போகிற கவுனைப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்கிறாள். "நானும் வரேம்ப்பா. ஒண்ணும் தொட மாட்டேன். பின்னாடி நின்னு கை தட்டுறேன். அவனுக்கு மறந்துபோச்சுன்னா மெதுவாக் காதுல சொல்லிடுவேன்."

"அங்கல்லாம் பொண்ணுங்க வர மாட்டாங்க கண்ணு," என்றார். தன்னைப் பிடித்திருந்த அவள் கையை எடுத்துவிட்டுப் படி இறங்கினார்.

மூன்று நாள். மூன்றாம் நாள் பெரியவன் அழுது வீங்கிய முகத்தோடு வந்து கிரேனை ஒரு உதை விட்டான். அது தகடு தகடாகச் சிதறியது. பிள்ளையை அன்று தைத்த முள் இன்று வரை வெளியே வரவில்லை. அவன் பிற்பாடு துணிக்கடை வைத்து நன்றாகவே இருக்கிறான், ஆனால் ஸ்குரூ டிரைவரைத் தொட மாட்டான். சின்னவள் சிதறியதையெல்லாம் பொறுக்கிப் பெட்டியில் போட்டு அவன் அலமாரியில் வைத்துவிட்டுப் போனாள். அடம் பிடித்திருந்தால், கத்தியிருந்தால், நாலு நாள் சாப்பிடாமல் கிடந்திருந்தால் பெட்டிப்படக்காரருக்கு உறைத்திருக்குமோ என்னவோ. அவள் நல்ல பெண்ணாகிவிட்டாள். கம்பெனிகள் இலவசமாகத் தந்த அடுப்புச் செட்டும் சீப்புச் செட்டும் வீட்டில் மலையாகக் குவிந்தன. அதை வைத்துச் சமர்த்தாக விளையாடினாள்.

கிரேன் பெட்டி கூடத்து அலமாரியில் கண்ணாடிக்குப் பின்னால் பத்து வருடம் இருந்தது, வீடு மாறுகிற வரைக்கும். வருகிறவர்களுக்கெல்லாம் இவர்தான் எடுத்துக் காட்டுவார். "பெரியவன் செஞ்சது. கம்பெனியிலயே கூப்பிட்டாங்க தெரியுமா?" மூன்று நாள் அழுததை மட்டும் மென்று முழுங்கிவிடுவார். அப்போதெல்லாம் சின்னவள் தட்டில் தண்ணீர் எடுத்து வருவாள், கேட்டுக்கொண்டு நிற்பாள். எட்டு வயதில் நடந்ததில் நமக்கெல்லாம் உண்மையில் எது ஞாபகம் இருக்கிறது? நாலு பேர் நாற்பது முறை சொன்னதும் கண் முன்னால் மாட்டி வைத்த படமும்தான்.

இதுதான் நடந்தது. இப்போது வெள்ளிக்கிழமைக்குள் ஒரு படிவத்தில் கையெழுத்து விழப்போகிறது.

புதன்கிழமை காலை முதல் வேலையாகப் பெரியவனுக்குப் போன் செய்தார். விஷயத்தைச் சொன்னார். "அவதாம்ப்பா செஞ்சா. எனக்குத் தெரியாதா?" என்றான். "நானே முன்னாடி ஒரு தடவை அவகிட்டச் சொல்லிப் பார்த்தேன். அவ என்ன சொன்னா தெரியுமா? 'நீ எப்பவும் இப்படித்தாண்ணா, எல்லாத்தையும் எனக்கு விட்டுக்கொடுப்பே'ங்கறா. நான் என்ன செய்ய?"

சொன்னால் நம்ப மாட்டாள். காட்ட வேண்டும். காட்ட ஒன்று இருக்கிறது, ரப்பர் பேண்ட்! ஒரு ஜடையில் இருக்கிறது, இன்னொன்றில் இல்லை, அது கிரேனில் இருக்கிறது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? நினைத்ததும் மனுஷருக்குப் பத்து வயது குறைந்துவிட்டது. ஃபிலிமெல்லாம் ஸ்டூடியோவை மூடும்போதே குப்பைக்குப் போய்விட்டது. அந்தக் கம்பெனியும் இல்லை. பெட்டியை எங்கே தேடுவது? இரண்டு நாள் தேடினார். பழைய பேப்பர் கடை, பழைய சாமான் கடை, ஊருக்குள் மிச்சமிருந்த பொம்மைக் கடைகள் என்று ஒன்று விடவில்லை. மூட்டு வலியாவது ஒன்றாவது. ஒரு கடைக்காரர், "ஐயா, இந்த வயசுல கிரேன் வச்சு எதைத் தூக்கப்போறீங்க?" என்று கிண்டல் செய்தார். வெள்ளிக்கிழமை மத்தியானம் மார்க்கெட் மூலையில் ஒரு கடையில் கிடைத்துவிட்டது. வெறும் பெட்டிதான், உள்ளே ஒன்றும் இல்லை. கண்ணாடி அலமாரியில் அழகுக்கு வைத்து, வெயிலில் கொஞ்சம் வெளுத்திருந்தது. மூக்குக்கண்ணாடியை அவசரத்தில் வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். ஆனாலும் அந்தச் சிரிப்பு மங்கலாகத் தெரிந்தது. முன்பல் இல்லாத சிரிப்பு. பெட்டியைத் தாளில் சுற்றித் தரச் சொல்லி, மார்போடு அணைத்துக்கொண்டு பஸ் ஏறினார்.

மகள் அப்போதுதான் வேலையிலிருந்து வந்திருந்தாள். சாப்பாட்டு மேஜையில் படிவம் இருந்தது, பக்கத்தில் பேனா. குட்டி நாற்காலியில் முட்டி போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"இரு, கையெழுத்துப் போடாதே," என்றார் வாசலிலிருந்தே. மூச்சு வாங்கியது. தாளைப் பிரித்தார்.

"ஐய, நம்ம பெட்டி!" மகள் முகம் மலர்ந்து போயிற்று. "எங்கப்பா பிடிச்சீங்க? குட்டி, இங்க பாரு, இதுதான் மாமா, இதுதான் அம்மா."

"இந்தப் பக்கம் பாரு," என்று பெட்டியைத் திருப்பினார். "இந்தக் கை உன்னுது. உங்கண்ணன் சட்டையை உனக்குப் போட்டு எடுத்தேன்."

"குழந்தைங்க கை எல்லாம் ஒண்ணு போலத்தானே இருக்கும்? சட்டை அண்ணனோடதாச்சே."

"சரி, அதை விடு. முன்பக்கம் வா. உன் ஜடையைப் பாரு. ஒண்ணுலதான் ரப்பர் பேண்ட் இருக்கும், சிவப்பு. இன்னொண்ணு எங்கே? கிரேன்ல பாரு, சக்கரத்துக்குப் பக்கத்துல. உன் தலையிலேர்ந்து கழட்டி நீ மாட்டினது. வேற யாரு மாட்டியிருப்பா, சொல்லு? நல்லாப் பாரு." குரல் கெஞ்சலாகிவிட்டது. "கொஞ்சம் நல்லாப் பாரும்மா."

மகள் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு போனை எடுத்துப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். அக்கறையாகத்தான் பார்த்தாள். அவள் முகத்தில் ஒரு நொடி ஏதோ ஓடியதுபோலக்கூட அவருக்கு இருந்தது.

"ரெண்டு ஜடையிலயும் பேண்ட் இருக்கேப்பா," என்றாள். "கிரேன்ல பேண்ட் ஒண்ணும் இல்லையே. ஸ்பிரிங் மாதிரி ஏதோ இருக்கு."

அவர் அவளுடைய மூக்குக்கண்ணாடியைப் பிடுங்கிப் போட்டுக்கொண்டு குனிந்தார்.

இரண்டு ஜடையிலும் சிவப்பு. கிரேனில் சாம்பல் நிறத்தில், சுருள் சுருளாக, அழகான ஒரு ஸ்பிரிங். நிழல் கூடச் சரியான பக்கம் விழுந்திருந்தது. யார் பார்த்தாலும் நிஜமென்றுதான் சொல்வார்கள். அந்தத் தூரிகை வேலையை அவருக்கு அடையாளம் தெரிந்தது. தன் கையைத் தனக்குத் தெரியாதா?

அப்போதுதான் ஞாபகம் வந்தது. பெட்டி இரண்டாம் முறை அச்சுக்குப் போகும்போது மேனேஜர் சொன்னார், "அந்தச் சிவப்பு ரப்பர் பேண்டு பொம்பளப் பிள்ளைங்க தலை சாமான் மாதிரி இருக்கு சார். எடுத்துடுங்க. அப்படியே பாப்பா ஜடையையும் சரி பண்ணிடுங்க, அலங்கோலமா இருக்கு." ஒரே மத்தியான வேலை. பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒற்றை முடித் தூரிகையால், மூச்சைப் பிடித்துக்கொண்டு வரைந்தார். முடித்ததும் நாலு பேரைக் கூப்பிட்டுக் காட்டினார். "எங்க தொட்டிருக்கேன்னு கண்டுபிடிங்க பார்ப்போம்!" யாராலும் முடியவில்லை. அன்று எவ்வளவு பெருமைப்பட்டார்!

நாற்காலியில் உட்கார்ந்தார். உட்காரவில்லை, விழுந்தார். "நான்தாம்மா அழிச்சேன்," என்றார். "முதல்ல இருந்தது. நான்தான் அழிச்சேன்."

"சரிப்பா, சரி." காய்ச்சலில் பிதற்றுகிற குழந்தையிடம் பேசுகிற குரலில் மகள் சொன்னாள். "எனக்கு அதுல ஒரு குறையும் இல்லப்பா. நீங்க ஏன் இப்படி மனசைப் போட்டு உழப்பிக்கிறீங்க? பாருங்க, எவ்வளவு சந்தோஷமா கை தட்டியிருக்கேன்னு. கொஞ்சங்கூடப் பொறாமையே இல்ல என் மூஞ்சில. எனக்கு இந்தப் படத்துல பிடிச்சதே அதுதான்."

பேனாவை எடுத்து மணி கோக்கிற வகுப்புக்கு நேரே ஒரு கோடு இழுத்துக் கையெழுத்துப் போட்டாள். குட்டி அழக் கூடாது என்கிற பாசத்தில்தான் போட்டாள், அதில் ஒரு சொட்டுக் கெட்ட எண்ணம் கிடையாது. குட்டி ஒரு கணம் படிவத்தைப் பார்த்தாள். அடம் பிடிக்கவில்லை. பெட்டியை இழுத்து வைத்துக்கொண்டு படத்தை உற்றுப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள். அப்புறம் நாற்காலியை விட்டு இறங்கி, பெட்டியை மேஜை ஓரத்தில் நிறுத்திவிட்டு, அதற்கு ஒரு அடி பின்னால் போய் நின்றாள். தலையைச் சாய்த்தாள். கை தட்டுகிற மாதிரி இரண்டு கையையும் கன்னத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

"ஐயோ, அப்படியே அம்மா மாதிரி!" என்றாள் மகள். போனை அப்பாவின் கையில் திணித்தாள். "எடுங்கப்பா, எடுங்க. உங்க கையால ஒண்ணு."

போனை உயர்த்திப் பிடித்துப் பார்த்தார். நாற்பது வருடம் குழந்தைகளுக்குச் சொன்ன எதையும் இவளுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எல்லாம் அப்படியே இருந்தது.

"குட்டி," என்றார். "முன்னாடி வா கண்ணு. முன்னாடி வந்து பெட்டியை நீ கையில பிடி."

"இல்ல தாத்தா," என்றாள் குட்டி, தலையைச் சாய்த்தபடியே. "பொண்ணு பின்னாடிதான் நிக்கணும். பெட்டியில அப்படித்தான் இருக்கு. நீங்கதானே எடுத்தீங்க?"

அவர் போனை மடியில் போட்டுவிட்டு வாய்விட்டு அழுதார். அழுமூஞ்சிகளைச் சிரிக்க வைத்த மனுஷர் சின்னப் பிள்ளைபோல முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். குட்டி பயந்துபோய் அம்மாவின் பின்னால் ஒளிந்தாள். மகள் ஓடி வந்து அவர் தலையை வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"பழசெல்லாம் ஞாபகம் வந்துடுச்சு போல," என்று குட்டியிடம் மெதுவாகச் சொன்னாள். பெட்டியை எடுத்து அவர் கண்ணுக்கு நேரே பிடித்தாள். "அழாதீங்கப்பா. இங்க பாருங்க, அண்ணன் எவ்வளவு அழகா செஞ்சிருக்கான்."